அளவு ரவிக்கை

மொழிபெயர்ப்பாளர்களைப் பற்றி எழுத்தாளர்கள் நல்ல வார்த்தை சொல்வது அபூர்வம். "என் கதையைக் கொன்றுவிட்டான்" என்பார்கள். இல்லாவிட்டால், "ஏதோ உயிரோடு கிடக்கிறது" என்பார்கள். நான் அந்தக் கட்சியைச் சேர்ந்தவன் அல்ல. தன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, தான் கண்ணால் கண்டிராத ஓர் ஊரில் இருக்கிற மனிதனுக்குப் புரியும்படி ஒரு சமாசாரத்தைச் சொல்ல வேண்டும் என்றால் அது லேசான காரியமா? அந்த ஊரில் எந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம், எதைச் சொன்னால் சிரிப்பார்கள், எதைச் சொன்னால் அடிக்க வருவார்கள் என்பதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால், தெரிந்துகொள்ள வழியாவது இருக்க வேண்டும்.

யந்திரங்களின் உலகத்திலும் இப்படி ஒரு மொழிபெயர்ப்பாளர் இருக்கிறார் என்பதைச் சென்ற வருஷம் கோயம்புத்தூரில் அக்கா வீட்டில் பன்னிரண்டு நாள் தங்கியிருந்தபோது தெரிந்துகொண்டேன். அவருக்குக் 'கிராஸ் கம்பைலர்' என்று பெயர். கல்லூரியில் இரண்டு வருஷத்துக்கு மேல் தாக்குப்பிடிக்காதவன் கம்ப்யூட்டரைப் பற்றி எழுதலாமா என்று கேட்கிறவர்களுக்கு ஒரு பதில் வைத்திருக்கிறேன். டாக்டர் ஆகாமலே என் நாவல்களில் எத்தனையோ பேருக்கு வைத்தியம் பார்த்திருக்கிறேன். அதில் பாதிப் பேர் பிழைத்தும் இருக்கிறார்கள்.

அத்தான் காலமான பிறகு பட்டறையை அக்கா மகன் நடத்துகிறான். பட்டறை என்றதும் உலையும் சம்மட்டியும் மனத்தில் வர வேண்டாம். ஆறு பேர் வேலை செய்கிற நீளமான ஓர் அறை. மேஜைகள், பூதக்கண்ணாடிகள், ஈயம் உருகுகிற வாசனை. அங்கே செய்வது ஒரே ஒரு சாமான்தான்: கோழிக்குஞ்சு பொரிக்கும் யந்திரத்துக்கு ஒரு காவல் பெட்டி. பல்லடத்துப் பக்கமும் நாமக்கல் பக்கமும் பொரிப்பகங்கள் இருக்கின்றன அல்லவா? அங்கே தாய்க்கோழிக்கு வேலை கிடையாது. இரும்பு அலமாரிக்குள் ஆயிரக்கணக்கில் முட்டைகளை அடுக்கி, 37.5 டிகிரி சூட்டில் வைக்கிறார்கள். பதினெட்டாம் நாள் வேறோர் அலமாரிக்கு மாற்றுகிறார்கள். இருபத்தோராம் நாள் குஞ்சு வெளியே வருகிறது. சூடு கொஞ்ச நேரம் குறைந்தால் முட்டை பொறுத்துக்கொள்ளும். அதிகமானால் பொறுக்காது, ஒரே ராத்திரியில் எல்லாம் போய்விடும். ஆகவே சூட்டையும் ஈரத்தையும் ஓயாமல் பார்த்துக்கொண்டிருந்து, தப்பு நேர்ந்தால் முதலாளியின் டெலிபோனுக்குச் செய்தி அனுப்ப வேண்டும். அதுதான் இந்தப் பெட்டியின் உத்தியோகம்.

பெட்டிக்குள்ளே ஒரு சின்னக் கம்ப்யூட்டர். அதற்குள் லினக்ஸ். ஆம், 1991-ஆம் வருஷம் ஹெல்ஸிங்கியில் லைனஸ் டோர்வால்ட்ஸ் என்ற இருபத்தொரு வயதுப் பையன் தன் மேஜைக் கம்ப்யூட்டருக்காக எழுத ஆரம்பித்தாரே, அதே லினக்ஸ்தான். இன்றைக்கு அது போகாத இடம் இல்லை. உங்கள் வீட்டு மூலையில் இண்டர்நெட்டுக்காகக் கண்சிமிட்டிக்கொண்டிருக்கிற பெட்டியில்கூட அது இருக்கக்கூடும்.

இனித்தான் சங்கடம். செய்தி அனுப்புவதற்காகப் பெட்டிக்குள் வைத்திருந்த மோடம்கள் வயதாகி ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருந்தன. அதே மாதிரி மோடம் கடையில் கிடைக்கவில்லை. புது மோடம் கொஞ்சம் வேறு மாதிரிப் பேசுகிறது. ஆகையால் புரோகிராமில் பத்துப் பதினைந்து வரிகளை மாற்றியாக வேண்டும். நான் போவதற்கு ஒரு வாரம் முன்னால் ஒரு பொரிப்பகத்தில் இரவு இரண்டு மணிக்கு விசிறி நின்று சூடு ஏறியிருக்கிறது. பெட்டி அதைக் கண்டுபிடித்துவிட்டது, செய்தியும் எழுதிவிட்டது. ஆனால் மோடம் செத்துக் கிடந்தது. விடிந்தபோது சில ஆயிரம் முட்டைகள் வெந்திருந்தன. அந்த முதலாளி சத்தம் போடவில்லை. பட்டறைக்கு வந்து, பெட்டியை மேஜைமேல் வைத்துவிட்டு, காப்பிகூடக் குடிக்காமல் போய்விட்டாராம். "சத்தம் போட்டிருந்தா நல்லா இருந்திருக்கும், மாமா" என்றான் பையன்.

அதே பெட்டிகள் இன்னும் அறுபது இடங்களில் இருந்தன.

"பதினைந்து வரிதானே? மாற்றேன்" என்றேன் நான். பதினைந்து பக்கத்தைக்கூட ஒரு ராத்திரியில் மாற்றி எழுதிக் கொடுத்திருக்கிறேன். பத்திரிகை ஆசிரியர்கள் சாட்சி.

"வரியை மாத்தறதுக்கு அஞ்சு நிமிஷம் போதும், மாமா. அதைப் பெட்டிக்குப் புரியவைக்கறதுதான் கஷ்டம்."

மனிதர் படிக்கும்படி எழுதிய புரோகிராமை யந்திரம் படிக்காது. கம்பைலர் என்ற இன்னொரு புரோகிராம் அதை யந்திரத்தின் பாஷைக்கு மாற்றித் தர வேண்டும். ஆனால் ஒவ்வொரு வகைச் சில்லுக்கும் பாஷை வேறு. மேஜைமேல் இருக்கிற பெரிய கம்ப்யூட்டரின் பாஷை ஒன்று. பெட்டிக்குள் இருக்கிற ஏ.ஆர்.எம். சில்லின் பாஷை மற்றொன்று. பெட்டிக்குள்ளேயே உட்கார்ந்து மொழிபெயர்க்கலாமே என்றால், அதற்கு அங்கே இடம் கிடையாது. 64 மெகாபைட் நினைவுதான் அதற்கு மொத்தச் சொத்து. குமுட்டி அடுப்பில் கல்யாணச் சமையல் செய்ய முடியுமா? பெரிய வீட்டுக் கோட்டையடுப்பில் சமைத்து, இங்கே கொண்டுவந்து இறக்க வேண்டியதுதான். அங்கே சமைத்து இங்கே பரிமாறுகிற அந்தச் சமையல்காரர்தான் கிராஸ் கம்பைலர். அவர் தனியாக வருவதில்லை. கரண்டி, ஜாரணி, தவலை என்று ஒரு செட்டும் கூட வருகிறது. எல்லாவற்றையும் சேர்த்து 'டூல்செயின்' என்கிறார்கள்.

பட்டறையில் முன்பு வேலைபார்த்த ஒருவர் பத்து வருஷத்துக்கு முன்னால் அந்தச் செட்டைத் தயார் செய்து வைத்திருந்தார். பிறகு பெங்களூரில் பெரிய உத்தியோகம் கிடைத்துப் போய்விட்டார். அவருடைய பழைய கம்ப்யூட்டர் ஒரு தீபாவளிக்கு முன்னால் வெள்ளையடித்தபோது காயலான் கடைக்குப் போய்விட்டது. புரோகிராம் எழுதிய காகிதம், அதாவது மூலம், பத்திரமாக இருக்கிறது. சமைத்த பாத்திரம் போய்விட்டது. மூலம் இருந்தால் போதும் என்றுதான் உலகத்தில் எல்லோரும் நினைக்கிறார்கள். எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. என் முதல் பதினைந்து கதைகளைப் பழைய எழுத்துரு ஒன்றில் தட்டச்சு செய்து பிளாப்பியில் வைத்திருக்கிறேன். இன்று அவற்றைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் ஆச்சரியக்குறியுமாக வருகின்றன. கதை அங்கேதான் இருக்கிறது. படிக்கத்தான் ஆள் இல்லை.

பையன் முதலில் எல்லோரும் செய்கிறதைத்தான் செய்தான். கடையில் தயாராகக் கிடைக்கிற கிராஸ் கம்பைலர் ஒன்றைத் தன் கம்ப்யூட்டரில் இறக்கிக்கொண்டான். இந்த வம்சத்துப் பெயர்களைப் பாருங்கள்: 'ஆர்ம்-லினக்ஸ்-க்னூ-ஈ.ஏ.பி.ஐ.-ஹெச்.எஃப்.' நம் பெரியவர்கள் ஊர்ப் பெயர், தகப்பனார் பெயர், தம் பெயர் என்று மூன்றையும் சேர்த்துச் சொல்லிக்கொள்ளவில்லையா? அதே வழக்கம்தான். எந்தச் சில்லு, எந்தச் சிஸ்டம், எந்த ஆசாரம். கடைசியில் வருகிற அந்த இரண்டு எழுத்துகளில்தான் விஷயமே இருந்தது. ஆனால் அது அன்றைக்குத் தெரியாது.

'வணக்கம்' என்று மட்டும் சொல்லுகிற ஒரு குட்டிப் புரோகிராமை எழுதி, மொழிபெயர்த்து, கம்பி வழியாகப் பெட்டிக்கு அனுப்பினான். ஓட்டினான். 'காணோம்' என்றது பெட்டி.

"பேரைப் பட்டியல் போட்டுப் பாரேன்" என்றேன். பட்டியலில் இருந்தது. ஓட்டினால், காணோம். மறுபடியும் பட்டியல், இருக்கிறது. மறுபடியும் ஓட்டம், காணோம். நாலு தடவை இந்தக் கூத்து நடந்தது. கண்ணுக்கு எதிரே நிற்கிறவனைப் பார்த்து, "நீ வரவில்லை" என்று சொல்லுகிற கல்யாண வீட்டுச் சம்பந்தியைப் போல இருந்தது எனக்கு.

காரணம் இதுதான். இந்த மாதிரிப் புரோகிராம் ஒவ்வொன்றும் தன்னை உள்ளே அழைத்துக்கொண்டு போய் உட்காரவைக்க வேண்டியவர் யார் என்பதைத் தன் மடியில் எழுதி வைத்துக்கொண்டு வருகிறது. 'லோடர்' என்று அவருக்குப் பெயர். நம் குட்டிப் புரோகிராம் கையில் சீட்டோடு வாசலில் நிற்கிறது. சீட்டில் எழுதியிருக்கிற ஆசாமி அந்த வீட்டில் இல்லை. "அப்படி யாரையும் காணோம்" என்கிறது பெட்டி. காணாமற்போனது வந்தவர் அல்ல, வரவேற்க வேண்டியவர். அதைத் தெளிவாகச் சொல்லித் தொலைத்தால் என்ன என்று எனக்குக் கோபம் வந்தது. லினக்ஸில் பிழைச்செய்தி எழுதுகிறவர்களை ஒரு மாசமாவது ஒரு பத்திரிகையில் உதவி ஆசிரியராகப் போட வேண்டும்.

அன்று இரவு பையன் பெங்களூர்க்காரருக்கு டெலிபோன் செய்தான். அவர் இப்போது இருக்கிற கம்பெனியில் வேலை நேரத்தில் வெளிவேலை பேசக் கூடாதாம். பதினொரு மணிக்கு மேல், குழந்தை தூங்கிய பிறகு, மொட்டை மாடியிலிருந்து பேசினார். எனக்கு அந்த மனிதரை ரொம்பப் பிடித்துவிட்டது. பத்து வருஷம் ஆகிவிட்டது; பட்டறையோடு ஓர் ஒட்டும் இல்லை. இருந்தாலும், "தம்பி, ஹெச்.எஃப். போடாதீங்க. அந்தச் சில்லுல தசமக் கணக்குக்குத் தனிக் கருவியே கிடையாது" என்று எடுத்த எடுப்பில் சொன்னார்.

ஹெச்.எஃப். என்றால் 'ஹார்ட் ஃப்ளோட்'. தசமப் புள்ளி வைத்த எண்களைக் கூட்டிப் பெருக்குவதற்குச் சில்லிலேயே தனி உறுப்பு இருக்கிறது என்று நம்புகிற ஆசாரம். நம் பெட்டியில் இருப்பது ஏ.ஆர்.எம். 9 வகைப் பழைய சில்லு. தசமக் கணக்கையெல்லாம் அது விரல்விட்டு எண்ணித்தான் போட வேண்டும். அதற்கு 'சாஃப்ட் ஃப்ளோட்' என்கிற வேறு ஆசாரம் உண்டு. இதே தொல்லை உலகப் பிரசித்தமான ஒரு சின்னக் கம்ப்யூட்டருக்கும் வந்தது. 2012-ல் ராஸ்ப்பெரி பை வந்தபோது, அதன் சில்லில் தசம உறுப்பு இருந்தும், டெபியன் லினக்ஸின் ஹார்ட் ஃப்ளோட் பதிப்பு எதிர்பார்த்த தலைமுறைக்கு ஒரு தலைமுறை மூத்ததாக அந்தச் சில்லு இருந்தது. ஆகவே, ஆயிரக்கணக்கான புரோகிராம்களையும் அந்த ஒரு சில்லுக்காக மறுபடி மொழிபெயர்த்து 'ராஸ்ப்பியன்' என்று தனியாக வெளியிட வேண்டியதாயிற்று.

மறுநாள் ஹெச்.எஃப். இல்லாத கம்பைலர் வந்தது. இந்தத் தடவை பெட்டி 'காணோம்' என்று சொல்லவில்லை. 'ஜிலிப்ஸி 2.34 இல்லை' என்றது. ஜிலிப்ஸி என்பது லினக்ஸ் வீட்டின் பொதுச் சரக்கறை. எழுத்தை அச்சிடு, கோப்பைத் திற, மணி என்ன பார் என்று ஒவ்வொரு புரோகிராமும் தினமும் கேட்கிற சாமான்களெல்லாம் அங்கேதான் இருக்கின்றன. புதுக் கம்பைலர் 2021-ல் வெளிவந்த 2.34-ஐ நம்பிச் சமைத்திருக்கிறது. பெட்டியில் இருப்பதோ 2012 டிசம்பரில் வெளிவந்த 2.17.

"சரக்கறையையும் கட்டுச்சோற்றோடு சேர்த்துக் கட்டி அனுப்பிவிடேன்" என்று யோசனை சொன்னேன். தற்பெருமைக்காகச் சொல்லவில்லை, அது நிஜமாகவே வழக்கத்தில் உள்ள முறைதானாம். அப்படிக் கட்டி அனுப்பியதற்குப் பெட்டி சொன்ன பதில்: 'கர்னல் ரொம்பப் பழசு.' பெட்டியின் உயிர்நாடியான கர்னல் 2.6 வரிசையைச் சேர்ந்தது. புதிய ஜிலிப்ஸிக்கு 3.2-க்குக் கீழே ஆகாது. தவிர, இன்னொரு முட்டுக்கட்டையும் இருந்தது. சூடும் ஈரமும் அளக்கிற அட்டையோடு பேசுவதற்கு ஒரு நூலகக் கோப்பு உண்டு. அதை விற்ற கம்பெனி மூடி வருஷக்கணக்காகிறது. மூலத்தைக் கொடுக்காமல், சமைத்த பண்டத்தை மட்டும் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். அது பழைய சரக்கறையைத் தவிர வேறு எங்கேயும் கை நனைக்காது.

ஆக, வழி ஒன்றுதான். பழைய சரக்கறையை வைத்துப் பழைய மாதிரியே ஒரு டூல்செயினைப் புதிதாகக் கட்ட வேண்டும்.

இந்த இடத்தில் அக்கா எங்களுக்கு மோர் கொண்டுவந்தாள். மூன்று நாளாக மகன் சரியாகச் சாப்பிடாமல் இருந்தது அவளுக்குப் பிடிக்கவில்லை. "அப்படி என்னதாண்டா பண்றீங்க?" என்று கேட்டாள். பையன் பெட்டியிலிருந்த சரக்கறைக் கோப்புகளையெல்லாம் தன் கம்ப்யூட்டரில் ஒரு தனி அறைக்குப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தான். 'ஸிஸ்ரூட்' என்று பெயராம். கம்பைலர் மொழிபெயர்க்கும்போது தான் குடியிருக்கிற கம்ப்யூட்டரின் சாமான்களைத் தொடக் கூடாது. இந்த அறையைப் பார்த்துத்தான் அளவெடுக்க வேண்டும். நான் இதை அக்காவுக்கு விளக்கினேன். நாவலாசிரியன் ஆகையால் கொஞ்சம் நீளமாகவே விளக்கினேன். அவள் டம்ளரை வைத்துவிட்டு, "அளவு ரவிக்கைன்னு சொல்லேன்" என்றாள்.

அதற்குமேல் அழகாக ஒரு புத்தகத்தில்கூட யாரும் சொல்லமாட்டார்கள். வெளியூர்த் தையற்காரனுக்கு நாம் ஆளையா அனுப்புகிறோம்? பொருத்தமாக இருக்கிற பழைய ரவிக்கை ஒன்றைத்தானே அனுப்புகிறோம்? அவன் தன் வீட்டுப் பெண்களின் அளவைப் பார்த்து வெட்டினால் துணி பாழ்.

டூல்செயின் கட்டுவது எப்படி என்பது தமாஷான விஷயம். ஜி.ஸி.ஸி. என்கிற கம்பைலரும் (ரிச்சர்ட் ஸ்டால்மன் 1987-ல் முதன்முதலாக வெளியிட்டது) ஜிலிப்ஸியும் ஒன்றையொன்று எதிர்பார்க்கின்றன. ஜிலிப்ஸியை மொழிபெயர்க்கக் கம்பைலர் வேண்டும். கம்பைலர் பூரணமாவதற்கு ஜிலிப்ஸி வேண்டும். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்கிற கதைதான். இதற்குக் கண்டுபிடித்திருக்கிற பரிகாரம், முதலில் சரக்கறையே தெரியாத அரைக் கம்பைலர் ஒன்றைக் கட்டுவது. அதற்கும் முன்னால் கோக்கிறதற்கும் ஒட்டுகிறதற்குமான 'பின்யூடில்ஸ்'. கர்னலின் தலைப்புக் கோப்புகள், அவையும் பெட்டியின் கர்னலைவிடப் புதிதாக இருக்கக் கூடாது. அரைக் கம்பைலரைக்கொண்டு ஜிலிப்ஸி. ஜிலிப்ஸி வந்த பிறகு, அரையைத் தூரப் போட்டுவிட்டு முழுக் கம்பைலர்.

பையன் முதலில் இதைக் கையாலேயே செய்து பார்த்தான். பழைய ஜிலிப்ஸியைக் கட்ட ஆரம்பித்ததும் அது தன் வேலையாட்களைக் கணக்கெடுத்தது. 'மேக்' என்கிற கருவி இல்லை, அல்லது ரொம்பப் பழசு என்று சொல்லி நின்றுவிட்டது. பையன் இருப்பதிலேயே புதிதான மேக்கைத்தான் வைத்திருந்தான். அப்புறம்தான் சூட்சுமம் தெரிந்தது. அந்த ஜிலிப்ஸியை எழுதியபோது உலகத்தில் மேக் 3 வரைதான் இருந்தது. ஆகவே 3 என்று ஆரம்பிக்கிற எண்களையே ஒப்புக்கொள்ளும்படி எழுதிவிட்டார்கள். 4 பிறந்தது 2013 அக்டோபரில். தன் காலத்துக்கு அப்புறம் பிறந்தவனைப் பார்த்து, "நீ கிழவன், உனக்கு வேலை இல்லை" என்று சொல்லுகிற அந்தப் பழைய புரோகிராமை நினைத்து இரவு படுக்கையில் தனியாகச் சிரித்தேன். இலக்கிய உலகத்திலும் எனக்கு இப்படிச் சில பெரியவர்களைத் தெரியும். பெயர் வேண்டாம்.

கையால் கட்டுவதை விட்டுவிட்டு, 'கிராஸ்டூல்-என்.ஜி.' என்பதற்கு வந்தான். யான் மோரான் என்ற பிரெஞ்சுக்காரர் 2007-ல் ஆரம்பித்தது. ஹோட்டல் பட்டியலைப் போல ஒரு பட்டியலைக் காட்டும். என்ன சில்லு, என்ன ஃப்ளோட், எந்த ஜிலிப்ஸி, எந்த ஜி.ஸி.ஸி. என்று குறித்துக் கொடுத்துவிட்டால், அதது முன்பின் பார்த்து, பழைய சரக்குகளுக்கு வேண்டிய ஒட்டுகளையும் போட்டு, வரிசையாகக் கட்டிக்கொண்டு போகும். போகும் என்றுதான் பெயர். மூன்று தடவை நடுவழியில் நின்றது. ஒவ்வொரு தடவையும் பல ஆயிரம் வரிகளில் நடந்ததை எழுதி வைத்திருந்தது. அதில் உண்மையான காரணம் ஒரு வரி. பையன் அந்த ஒரு வரியைத் தேடுவதைப் பார்த்தால், பிரூஃப் திருத்துகிறவர்கள் கும்பிட வேண்டும்.

கட்டுகிற நேரத்தில் அவனுக்கு வேலை இல்லை. கதை பேசுவோம். கதை சொல்லுவது அவன், கேட்பது நான். எனக்கு இது புது அனுபவம்.

இந்த 'அங்கே சமைத்து இங்கே பரிமாறுகிற' வழக்கம் லினக்ஸுக்கு ரொம்ப முந்தியது என்றான். லினக்ஸுக்குப் பாட்டனாராகிய யூனிக்ஸே இப்படித்தான் பிறந்தது. 1969-ல் கென் தாம்ஸன் பி.டி.பி.-7 என்ற சின்ன யந்திரத்துக்கு எழுத ஆரம்பித்தபோது, ஆரம்பத்தில் ஜி.ஈ.-635 என்ற பெரிய யந்திரத்தில்தான் தயார் செய்தார். அது காகித நாடாவில் துளை துளையாகப் பொத்துக் கொடுக்கும்; அந்த நாடாவைக் கொண்டுபோய்ச் சின்ன யந்திரத்தில் மாட்டினார்கள். 1975-ல் பில் கேட்ஸும் பால் ஆலனும் ஆல்ட்டேர் கம்ப்யூட்டருக்கு பேஸிக் எழுதியது அந்தக் கம்ப்யூட்டரைக் கண்ணால் பாராமலேதான். ஹார்வர்டில் இருந்த பி.டி.பி.-10-ல், ஆல்ட்டேரின் சில்லைப் போல நடிக்கிற ஒரு புரோகிராமைச் செய்து, அதன்மேல் எழுதினார்கள். ஆலன் நாடாவை எடுத்துக்கொண்டு விமானத்தில் ஆல்புகர்க்கி போனார். நிஜ யந்திரத்தில் போட்டதும் ஓடியது. ஓடாமல் இருந்திருந்தால் உலகத்தின் பெரிய பணக்காரர் பட்டியல் வேறு மாதிரி இருந்திருக்கும்.

மூன்று ஊர்ச் சமாசாரம் ஒன்றும் உண்டு. ஒரு யந்திரத்தில் உட்கார்ந்து, இரண்டாவது யந்திரத்தில் ஓடப்போகிற கம்பைலரைக் கட்டுவது. அந்தக் கம்பைலர் மூன்றாவது யந்திரத்துக்காக மொழிபெயர்க்கும். இதற்குக் 'கனடியன் கிராஸ்' என்று பெயர். ஏன் தெரியுமா? இதைப் பற்றி விவாதம் நடந்த காலத்தில் கனடாவில் மூன்று தேசியக் கட்சிகள் இருந்தன. வேறு காரணம் கிடையாது. நம் ஊரில் இதற்குப் பெயர் வைக்கச் சொல்லியிருந்தால் கட்சிகளின் எண்ணிக்கைக்கு யந்திரம் போதாது.

இன்னொன்று சொன்னான், அது என்னைத் தூங்கவிடவில்லை. தயிர் வேண்டும் என்றால் உறைமோர் வேண்டும். அந்த உறைமோர் முந்தின நாள் தயிரிலிருந்து வந்தது. அது அதற்கு முந்தின நாள் தயிரிலிருந்து. கம்பைலரும் அப்படித்தான். இன்றைய கம்பைலரை மொழிபெயர்த்தது நேற்றைய கம்பைலர். கென் தாம்ஸன் தமக்கு ட்யூரிங் பரிசு கொடுத்தபோது செய்த பிரசங்கம் 1984-ல் அச்சில் வந்தது. அதில் அவர் ஒரு வித்தையை விவரித்தார். கம்பைலருக்குள் ஒரு திருட்டு வழியை வைத்து, புதுக் கம்பைலரை மொழிபெயர்க்கும்போதெல்லாம் அந்தத் திருட்டைத் தானே அதற்குள் சேர்த்துவிடும்படி பழக்கிவிடலாம். அப்புறம் மூலத்திலிருந்து திருட்டு வரிகளை அழித்துவிடலாம். மூலத்தை எத்தனை தடவை படித்தாலும் அது சுத்தமாகத்தான் இருக்கும். உறையில் இருக்கிற புளிப்பு மட்டும் தலைமுறை தலைமுறையாகப் போய்க்கொண்டே இருக்கும்.

"அப்படியானால் நாம் உறை வாங்கிய வீடு நல்ல வீடுதானா?" என்று கேட்டேன்.

"பல பேர் பார்த்திட்டிருக்கிற வீடுங்க, மாமா" என்றான். அதற்குமேல் அவனுக்கும் சொல்லத் தெரியவில்லை.

எட்டாம் நாள் ராத்திரி, ஜி.ஸி.ஸி. 4.9 என்ற 2014-ஆம் வருஷத்து வரிசையைப் போட்டதில் கட்டடம் கடைசிவரை எழும்பியது. 'வணக்கம்' பெட்டிக்குப் போயிற்று. 'வணக்கம்' என்று திரும்பி வந்தது. நாங்கள் இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. பையன் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தான்.

ஆனால் அது குட்டிப் புரோகிராம். பெரியதை, மூடிப்போன கம்பெனியின் நூலகத்தோடு சேர்த்து, மறுநாள் மொழிபெயர்த்தான். தடங்கல் இல்லாமல் ஓடியது. புது மோடம் அடையாளம் சொல்லிற்று. அப்போதுதான் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. இரண்டு ஆசாரங்கள் என்று சொன்னானே, தசம எண்ணை ஓர் ஆசாரக்காரன் ஒரு கையால் கொடுக்க, மற்றவன் வேறு கையில் வாங்கப் பார்த்தால் என்ன ஆகும்? 37.5 என்று அனுப்பினது 37.5 ஆகவே போய்ச் சேர்கிறதா?

பையன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். "ஆசாரம் மாறினா, ஒட்டுற இடத்துலயே அது சத்தம் போட்டுடுங்க, மாமா. சேர்க்காது" என்றான். ஆனாலும் எழுந்துபோய், பட்டறையில் இருந்த கண்ணாடித் தெர்மாமீட்டரை எடுத்துவந்து, வெந்நீர்ச் சொம்பில் பெட்டியின் உணர்கம்பியோடு சேர்த்துக் கட்டித் தொங்கவிட்டான். வெந்நீர் ஆற ஆற, இரண்டையும் ஒரு மணி நேரம் பக்கத்தில் பக்கத்தில் எழுதினோம். நான் தெர்மாமீட்டரைப் படித்தேன்; அவன் பெட்டியைப் படித்தான். 41, 40, 39... இரண்டும் ஜோடி மாடு மாதிரி சேர்ந்தே இறங்கின. 37.5-ல் வந்ததும் அவன் பேனாவைக் கீழே வைத்துவிட்டான்.

அறுபது பெட்டிகளையும் மாற்ற மாசக்கணக்காகும் என்று கணக்குப் போட்டார்கள். முதலில் எந்த ஊர் என்று யாரும் கேட்கவில்லை. காப்பி குடிக்காமல் போனவருடைய பொரிப்பகத்துக்குப் பையனே நேரில் போனான். நானும் கூடப் போனேன். புதிதாக அடுக்கிய முட்டைகளுக்கு அன்று நாலாம் நாள். அவர் எங்களைப் பார்த்து அதிகமாக ஒன்றும் பேசவில்லை. பெட்டியை மாட்டி முடித்ததும், "காப்பி சாப்பிடறீங்களா?" என்று கேட்டார்.

பையன் ஊருக்குத் திரும்பியதும் கிராஸ்டூல் பட்டியலில் குறித்துக் கொடுத்த கோப்பு, இறக்கிய பழைய பொட்டலங்கள், அளவு ரவிக்கை எல்லாவற்றையும் மூன்று தட்டுகளில் பிரதி எடுத்தான். ஒன்று பட்டறையில், ஒன்று அக்காவின் பீரோவில், பட்டுப் புடவைகளுக்கு அடியில். மூன்றாவதைப் பெங்களூர்க்காரருக்கு அனுப்பினான். அவர் கேட்கவில்லை, இவனாகத்தான் அனுப்பினான். பதிப்பு எண்களை மட்டும் தனியாக ஒரு நீளக் கணக்கு நோட்டில் மசியால் எழுதினான். நோட்டின் முதல் பாதியில் அத்தான் கையெழுத்தில் ஈயமும் தாமிரக் கம்பியும் வாங்கின கணக்கு இருந்தது.

சென்னை ஐ.ஐ.டி.யில் 'சக்தி' என்று ஒரு சில்லு வரிசையை நம்மவர்களே செய்திருக்கிறார்கள். அதில் ஒன்றைச் சண்டிகரிலேயே அடித்து எடுத்து, 2018-ல் லினக்ஸும் ஓட்டிக் காட்டினார்கள். அடுத்த பெட்டியை அதில் செய்யலாமா என்று பையன் யோசித்துக்கொண்டிருக்கிறான். அது ரிஸ்க்-ஃபைவ் என்கிற வேறு பாஷை. மறுபடியும் அரைக் கம்பைலர், முழுக் கம்பைலர், ஸிஸ்ரூட். அக்கா இப்போதே மோரில் உப்பைக் கூட்டிப் போட ஆரம்பித்துவிட்டாள் என்று கேள்வி.

பொரிப்பகத்தில் சோதனைக்காக என் டெலிபோன் எண்ணையும் பெட்டியில் போட்டிருந்தான். எடுக்க மறந்துவிட்டான் போலிருக்கிறது, நானும் ஞாபகப்படுத்தவில்லை. ராத்திரி பத்து மணிக்குத் தினமும் ஒரு செய்தி வருகிறது. நேற்று வந்தது: 'அலமாரி 2. நாள் 19. சூடு 37.2.'